கிலோன்சோ காட்டு மழை

கடப்பாரை மறுபடியும் டங்கென்று எகிறியது. கிலோன்சோவின் காய்ந்த மக்காச்சோளக் காட்டில், ஆளுயரத் தட்டைகளுக்கு நடுவே, குழி இன்னும் முழங்கால் ஆழம்கூட இறங்கவில்லை. வேலமர நிழலில் அவன் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தான்.

"இது மண்ணா, பாறையா? அந்தப் பக்கம் வெட்டுங்கடா, பொதபொதன்னு இருக்கு" என்றார் அவன் அண்ணன் கிவுவா.

அந்தப் பக்கம் இருந்தது கிலோன்சோவின் மனைவி முகேலி போட்ட முப்பது வரிசைச் சோளம். மகளிர் குழுவில் வாங்கிய, வறட்சி தாங்கும் குட்டை ரகம். விதைக்குச் சின்னக் குழி பறித்து, காய்ந்த புல்லால் மூடி, பொத்திப் பொத்தி வளர்த்தாள். கதிர் முற்ற இன்னும் பத்து நாள். அடுத்த பருவத்துக்கு அவளுக்கும் குழுவில் ஆறு பேருக்கும் அதுதான் விதை.

"உன் குள்ளச்சிங்க எப்படி இருக்காளுங்க?" என்று கிலோன்சோ தினமும் கேலி செய்வான். பிறகு தன் காட்டில் நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பான். "மலைக்கு அந்தாண்ட மண்ணு வாசம் வருது புள்ள. நாளைக்கு மழைதான்." மூன்று மாதமாக அதே நாளைதான்.

முகேலி தன் வரிசைகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இங்க வேணாம் அத்தான்."

"புருஷனைவிட சோளம் பெருசாப் போச்சா உனக்கு?"

"அவரு காட்டுலயே படுக்கட்டும். அங்கதான் நின்னு நின்னு பாத்தாரு."

வந்தவர்களுக்குத் தேநீர் போடக் கழுதைமேல் எட்டு கேன் தண்ணீர் வந்திருந்தது. முகேலி ஒன்றைத் தூக்கிவந்து குழியில் கவிழ்த்தாள். குழுப் பெண்கள் மற்ற கேன்களைத் தூக்கினார்கள்.

"இன்னைக்கு டீ கெடையாது, நாக்கைச் சுருட்டிக்கிட்டு இருங்க" என்றாள் ஒருத்தி.

மண் உஸ்ஸென்று குடித்தது. கொஞ்ச நேரத்தில் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது.

ஈர வாசம் வெக்கையில் எழுந்து மெல்ல ஓடை தாண்டிப் போனது. கோழிகள் ஓடிவந்தன. ஆடுகள் தலைதூக்கின. முகேலி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். இதை மோந்து பார்க்க அவன் இல்லையே என்று அப்போதுதான் அழுகை வந்தது.

ஓடைக்கு அக்கரையிலிருந்து ஒருத்தி கூவினாள்.

"ஏ... உங்க பக்கம் மழையா?"

முகேலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா" என்று திருப்பிக் கூவினாள். "கிலோன்சோ காட்டுல மட்டும்."