ஆக்கள் ஏத்தின லொறி

அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருந்த முடிச்சு அவிழவில்லை. மேனுகா பெட்டிக்குள் குனிந்து, புது வேட்டியின் மடிப்பை விலக்கி, நகத்தால் மறுபடியும் முயன்றாள். லொறிச் சாவி அவருடைய குளிர்ந்த வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவளுடைய விரல்களைப் பார்த்தார்கள்.

"கத்தரிக்கோல் எடு கா," என்றாள் ஒருத்தி.

"வெட்டாத. அது அவர்ர கயிறு," என்றாள் அம்மா.

ஒழுங்கை முனையில் பிரேத வண்டி ஹோர்ன் அடித்தது. உள்ளே வர வழியில்லை. அப்பாவின் லொறி படலைக்கு உள்ளே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. கதவு பூட்டு. நேற்றுக் குளிப்பாட்டும்போதே மாமா சாவியைக் கண்டிருக்கிறார். "கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டாராம். லொறியை எப்படி எடுப்பது என்று ஒரு ஆம்பிளைக்கும் அப்போது யோசனை வரவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. நிமிர்ந்தபோது அம்மா அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அழுது ஓய்ந்திருந்தாள். குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"றவூப் நானா வந்திருக்கார். பந்தலுக்குள்ள இருக்கார்."

"கண்டன்."

"சனம் வாய் திறந்தா சுனாமிக் கதைதான் பறையும். நீ போய் நில்லு. வீட்டு உறுதி பேங்கில கிடக்குது புள்ள."

அது அம்மாவின் சீதன வீடு. நாளை மேனுகாவின் வீடு. லொறிக்கு எஞ்சின் மாற்றுவதற்காக அதன் உறுதிப் பத்திரத்தை அப்பா பேங்கில் அடகு வைத்தார். லொறியை விற்றால்தான் உறுதி திரும்பும். ஓட்டமாவடி றவூப் நானா விலை பேசி, முற்பணமும் தந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். இன்று வியாழன்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா லொறியின் பின்தட்டைக் கழுவினார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சில்லில் முதுகைச் சாய்த்தார். தேத்தண்ணியோடு போன அம்மா கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. நல்லரத்தினத்துக்கு வயது ஐம்பத்தெட்டு.

நாலரை வருடமாக ஒவ்வொரு காலையும் அவர் அந்தத் தட்டைக் கழுவினார்.

கடல் வந்த அன்று அவர் அரிசி ஏற்ற டவுன் பக்கம் போயிருந்தார். அதனால் லொறி தப்பியது. பாலத்தால் திரும்பி வந்தவர் மூன்று நாள் கடலோர நாவலடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஓடினார். ஒருவரும் கூலி பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. பிணம் என்ற சொல் அவருடைய வாயில் வந்ததேயில்லை. "மூணு நாள் ஆக்கள ஏத்தினன்" என்பார். அவ்வளவுதான்.

அதன் பிறகு அந்த லொறியில் ஒருவரும் அரிசி ஏற்றவில்லை. பலகைகளைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தார். பெயின்ற் மாற்றினார். கோயில் தீர்த்தம் தெளித்தார். "சோத்துக்குப் போற சாமான் அண்ணன், கோவிக்காதீங்க" என்றார்கள் கடைக்காரர்கள். கலியாண வீட்டுக் கதிரைகூட அதில் ஏறவில்லை. தொண்டு நிறுவனங்கள் இடிபாடு அள்ளக் கூப்பிட்டன. பிறகு அவையும் போயின. மணல், எரு, பழைய இரும்பு. சண்டைக் காலத்தில் கொழும்பு லொறிகள் இந்தப் பக்கம் வரப் பயந்தன. ஆமித் தடைமுகாமில் மூட்டை அத்தனையையும் இறக்கி, குத்திக் காட்டி, மறுபடி ஏற்றி, ஒரு நாள் வழியை மூன்று நாளில் வருகிற பொறுமை சொந்த லொறிக்காரருக்குத்தான் இருந்தது. அதில் அப்பாவுக்குச் சீமெந்தாவது கிடைத்தது. போன மாதம் சண்டை முடிந்தது. பாதை திறந்தது. கம்பனிகளின் பெரிய லொறிகள் நேரே கடை வாசல்களில் வந்து நின்றன. சமாதானம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஒரு ஹயர் ஓட்டம்கூட வரவில்லை.

மேனுகா பந்தலுக்குப் போனபோது கதை தொடங்கிவிட்டிருந்தது.

"இவர மாதிரி மனிசன் இனிப் பிறக்கணும்," என்றார் ஒருவர், வெற்றிலையை மடித்தபடி. "அந்த மூணு நாளும் சோறு தின்னல்ல. நான் கண்ணால கண்டது. நாவலடியில இருந்து..."

இரண்டு கதிரை தள்ளி றவூப் நானா இருந்தார். வெள்ளைத் தொப்பி, மடியில் கை.

"லொறியத் தள்ளணும்," என்றாள் மேனுகா சத்தமாக. "பற்றறி இல்ல. எல்லாரும் வாங்க."

கதை அறுந்தது. ஆம்பிளைகள் எழும்பினார்கள். அவள் கதவைத் திறந்து ஏறி, கியரை நியூட்ரலுக்குத் தட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அப்பாவின் பக்கத்து சீற்றில் இருந்தே பழகியது. அப்பாவின் இடத்திலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. உள்ளே டெற்றோல் மணத்தது.

"நாலு பேர் தூக்கிற மனிசனுக்கு நாப்பது பேர் தள்ளுற லொறி," என்றான் ஒருவன் பின்னால் இருந்து.

"ஒரு ஹயர் குடுத்திருந்தா இண்டைக்குத் தன்ர கால்ல ஓடியிருக்கும். வாயப் பொத்திட்டுத் தள்ளு."

லொறி அசைந்தது. ஒழுங்கையின் இருபுற வேலியும் உரச, மெல்ல ரோட்டுக்கு இறங்கியது. ஓரமாகத் திருப்பி, பிரேக்கை இழுத்தாள். கண்ணாடியில் பின்பக்கம் தெரிந்தது. எல்லோரும் கையின் தூசியைத் தட்டிக்கொண்டு போனார்கள். மாமா மட்டும் போகவில்லை. பின்கதவுப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றியை அதில் முட்டிக்கொண்டு நின்றார்.

இளையதம்பி மாமாவுக்கு அரிசிக் கடை. கடல் வருவதற்கு முன்பு வாரத்துக்கு இரண்டு ஹயர் அவருடையது. முதலில் நிறுத்தியவரும் அவர்தான். மேனுகா நாலரை வருடமாக அவரோடு சரியாகக் கதைத்ததில்லை. இப்போது என்ன நடிப்பு என்று நினைத்தாள்.

அருமைநாயகம் மாஸ்டர் பந்தல் காலடியில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துச் செத்தவீடுகளில் இரங்கல் உரை அவருடையது. மேனுகாவுக்கு ஏ லெவல் படிப்பித்தவரும் அவர்.

"சேர், சுனாமியப் பத்தி ஒண்டும் சொல்லாதீங்க."

மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன பிள்ள கதைக்கிறாய்? அதுதானே உரை."

"லொறி வாங்கிறவர் இருக்கார். ஓட்டமாவடி. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா எடுக்க மாட்டார்."

மாஸ்டர் தாளில் விரலை வைத்தார்.

"இத எடுத்தா என்ன மிச்சம்? பிறந்தார், லொறி ஓட்டினார், செத்தார்."

"அதச் சொல்லுங்க."

"என்னால வெட்ட ஏலா." தாளை நீட்டினார். "நீ பட்டதாரி. நீயே வெட்டு."

பேனையும் அவரே தந்தார். அவருடைய கையெழுத்து வட்டமானது. கரும்பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகியது. 'மானிடத்தைச் சுமந்த வாகனம்' என்று ஒரு இடத்தில் இருந்தது. மேனுகா ஏழு வரிகளை வெட்டினாள். கோடு கோணாமல் வெட்டினாள்.

உரை இரண்டு நிமிடம்கூட நீளவில்லை. நல்லரத்தினம் நேரம் தவறாத சாரதி. மது அருந்தாதவர். ஒரே மகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர். மாஸ்டர் தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. இன்னும் வரும் என்று இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது மாமா எழும்பினார். அவர் கூட்டத்தில் கதைக்கிற மனிதர் அல்ல.

"நானும் ஒண்டு சொல்லணும்," என்றார். "என்ட விதுர்ஷாவ... மச்சான்தான் தூக்கி..."

"மாமா!"

எல்லோரும் மேனுகாவைப் பார்த்தார்கள்.

"நேரம் போகுது. பெட்டிய மூடச் சொல்லுங்க."

மாமாவின் மகள் விதுர்ஷாவுக்கு அப்போது ஏழு வயது. கடல் போன இரண்டாம் நாள் அப்பாதான் அவளைக் கண்டெடுத்தார். அது மேனுகாவுக்குத் தெரியும். அந்தத் தட்டில் விதுர்ஷா எந்த மூலையில் கிடந்தாள், மாமா அதை எத்தனை தரம் பார்த்தார், அதற்குப் பிறகு அந்த மூலையில் ஒரு அரிசி மூட்டையை அவரால் எப்படிப் போட முடியும் என்பதை அவள் யோசித்ததில்லை. இப்போது, அவர் திறந்த வாயோடு நின்றபோது, யோசித்தாள். வாயை மூடிக்கொண்டு அவர் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பிப் பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனார்.

பறை அடித்தது. அம்மாவை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக் கொடிகள் கச்சான் காற்றில் படபடத்தன. பிளாஸ்டிக் பூ வைத்த பிரேத வண்டி ஒழுங்கையால் இறங்கி, லொறியைக் கடந்து, சவக்காலைப் பக்கம் திரும்பியது. ஆம்பிளைகள் பின்னால் நடந்தார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள்.

மேனுகா ரோட்டுக்குப் போனாள். லொறிக் கதவைப் பூட்டாமல் வந்தது ஞாபகம் வந்தது. அங்கே றவூப் நானா தனியே நின்றார்.

"மண் போட நானும் போகணும் புள்ள. ஒண்டு கேட்டுப்போட்டுப் போவமெண்டு நிண்டன்."

"நாளைக்கு எடுக்கலாம் நானா. சாவி இருக்கு."

"அது அவசரமில்ல. எட்டுச் செலவு சடங்கெல்லாம் முடியட்டும், மறுகா வாறன்." அவர் தொப்பியைச் சரிசெய்தார். "மாஸ்டர் ஏன் அதச் சொல்லல்ல?"

"எத?"

"கடல் அடிச்ச நேரம் அண்ணன் மையித்துகள ஏத்தினத. நான் அதக் கேக்கத்தான் முன் வரிசையில இருந்தன்."

மேனுகா லொறியின் பின்தட்டுப் பக்கம் திரும்பினாள்.

"லொறி பாக்க வந்த அண்டைக்கு, விலை கதைக்க முதல், என்ட கையப் புடிச்சிப் பின்னால கூட்டிப் போனார். 'நானா, இது ஆக்கள் ஏத்தின லொறி. மூணு நாள். உங்கட மனசுக்கு ஒத்துவந்தா மட்டும் விலை பேசுங்க' எண்டார். நான் குறைச்சிக் கேட்டன். யாவாரம்தானே புள்ள, பொய் சொல்லக் கூடா. அவர் ஒரு சொல் மறுத்துக் கதைக்கல்ல." ரோட்டைப் பார்த்தார். "அத விட்டா அவரப் பத்திச் சொல்ல வேற என்ன இருக்கு? சரி. நான் வாறன்."

அவர் ஊர்வலத்தை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தார்.

சொல்லாதீர்கள் என்று அப்பாவிடம் அவள்தான் சொல்லியிருந்தாள். ஓட்டமாவடிக்காரருக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருந்தாள். பேசிய விலையை அவள் அறிந்த ஞாயிற்றுக்கிழமை, பின்தட்டில் ஏறி நின்று தேய்த்துக்கொண்டிருந்தவரைக் கீழே நின்று கத்தினாள். "உங்கள ஆரும் ஏமாத்தலாம் அப்பா. நாலு எழுத்துப் படிச்சிருந்தா இந்த விலைக்கு விப்பீங்களா?" அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "ஓம் புள்ள" என்றார். பிறகு தேய்த்தார்.

லொறிக் கதவைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

பெண்கள் செத்தவீட்டைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். கிணற்றடியில் சத்தம். "இன்னொரு வாளி எங்க கா? ஒண்டு காணாது."

படலைக்கு உள்ளே, லொறி நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. எண்ணெய்க் கறை, நான்கு சில்லுப் பள்ளம். வாளி மட்டும் கவிழ்த்தபடி இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதை ஒருவரும் தொடவில்லை.

"மேனுகா, வாளியக் கொண்டு வா!"

அவள் குனிந்து எடுத்தாள். மூன்று நாள் வெயிலும் கச்சான் காற்றும் முற்றத்தை வெளுக்க வைத்திருந்தன. வாளிக்கு அடியில் இருந்த மணல் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.