இன்னொரு சுவர்

ஒட்டிப்போன கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நோயில் படுத்துவிட்ட அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள் தங்கை.

"மேடம், ரத்தம் வராம பாத்துக்கோங்க. மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான்."

"ஆடாம இருண்ணா."

"நம்ம ரெண்டு சுவர் விஷயம் ஞாபகம் இருக்கா?"

அவள் கை நின்றது. எத்தனையோ வருஷமாகச் சாயங்காலங்களில் அவள் காய் நறுக்க, அவர் ஆய்வகத்தில் அன்று நடந்ததைச் சொல்வார். அவர் நிறுத்தும் இடங்களில் "புரியுதுண்ணா" என்பாள். வகுப்பில் கேள்வி கேட்கப் பயந்தே படிப்பை விட்டவள். புரியவில்லை என்றால் அண்ணன் சொல்வதையே நிறுத்திவிடுவாரோ என்று பயம். அவரோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் ஆராய்ச்சி முழுக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் இவதான்" என்று பீற்றிக்கொள்வார்.

"எலக்ட்ரான் ஒரு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போறதே அபூர்வம். கொஞ்சம் தள்ளி இன்னொரு சுவரும் வெச்சா?"

"அதைவிட அபூர்வம்."

அவர் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன.

"சரிதானேண்ணா?"

"சரிதான்," என்று கொஞ்சம் கழித்துச் சொல்லிவிட்டு, மறு கன்னத்தைத் திருப்பினார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. மதியம் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

மாலையில் வீடு கொள்ளாத கூட்டம். அவள் மாடிப்படியில் ஒதுங்கி நின்றாள். அண்ணனோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த அம்மாள் மூக்கைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார்.

"கடைசியா ஏதாவது பேசினாராம்மா?"

"ரெண்டு சுவர் பத்தி."

"அதானே!" அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்தது. "வேற என்ன பேசுவார்? உனக்குத் தெரியாததா? ரெண்டாவது சுவர் வந்தா நடுவுல ஒரு இடம் கிடைக்குது. அந்த இடத்துக்குப் பொருந்துற சக்தியோட வர்ற எலக்ட்ரான், ரெண்டு சுவருமே இல்லாத மாதிரி கடந்து போயிடும். மனுஷன் ஆயுசு பூரா அதைத்தான் கட்டிக்கிட்டு அழுதார்."

"ரெண்டு சுவர்னா இன்னும் கஷ்டம் இல்லையா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நானும்தான் சொன்னேன். மண்டையில ஏறவே இல்ல. ஏறலைன்னு சொன்னா அவருக்குக் கோபமா வரும்? கொண்டாட்டம்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுவார்."

'சரிதான்' என்றபோது அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். சவர நுரைதான் நினைவுக்கு வந்தது.

வண்டி வந்துவிட்டது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"இதோ வரேன்," என்றாள். போகவில்லை.

"எனக்குப் புரியல." அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். "சுவர்னு சொல்றீங்களே, அது முதல்ல என்ன?"

அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைத்தார். படியில் அவளுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.