ஏழு நாள் கழித்து வரும் குரல்

பல்செட்காரி பாடினால் அவளுடைய குரல் சரியாக ஏழு நாள் கழித்து, அவள் எந்த இடத்தில் நின்று பாடினாளோ அதே இடத்திலிருந்து கேட்கும். பேச்சுக்கு இந்தத் தாமதம் கிடையாது. பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த ஆளில்லை என்பது தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து அவள் புருஷனே ஒப்புக்கொண்ட விஷயம். பாட்டுக்குத்தான் இந்தக் கோளாறு. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. திங்கட்கிழமை மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்துக்கொண்டே அவள் வாயசைத்தால், அடுத்த திங்கட்கிழமை அதே நாற்காலியிலிருந்து பாட்டு வரும். அவள் லீவு போட்டிருந்தாலும் வரும். கூட வேலை செய்தவர்கள் முதல் மாதம் பயந்தார்கள். இரண்டாம் மாதம், அடுத்த வாரத்துக்கு இன்ன பாட்டு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

அவளைப் பாட்டுக் குழுவில் சேர்த்துவிட்டது நாத்தனார். புருஷனுக்கு மூத்தவள், மருந்துக் கடையில் வேலை, குழுவில் மேல் ஸ்தாயி. டயர் கடைக்கு மேல் மாடியில் வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடும் குழு அது. பல்செட்காரியோடு சேர்த்துப் பதினான்கு பேர், ஒருவருக்கும் சங்கீதம் தொழில் இல்லை. நடத்தியவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டில் இருந்து பிரேக் மிதித்த கால் என்பதால், யாராவது பாட்டில் வேகம் கூட்டினால் வலது காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார். கீழே டயர்களின் மேல் காரை உதிரும். முதல் வியாழக்கிழமை பல்செட்காரி வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. புதுசு, கூச்சப்படுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை எல்லோரும் வேறொரு பாட்டில் இருக்கும்போது, அவள் இடத்திலிருந்து போன வாரத்துப் பாட்டு கனமான குரலில் கிளம்பியது. பதின்மூன்று பேரும் பாட்டை விட்டுவிட்டு நின்றார்கள். மாஸ்டர் இரண்டு காலையும் சேர்த்து மிதித்தார். விஷயம் புரிந்ததும் அவர் செய்தது ஒன்றுதான்: கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இடது பக்கம், எல்லோரும் இன்றைக்குப் பாட வேண்டியது. வலது பக்கம், அடுத்த வாரத்துக்காக அவள் மட்டும் இன்றைக்குப் பாட வேண்டியது. காதில் ஒரு பாட்டு, வாயில் இன்னொரு பாட்டு என்று அவள் நாலு வருஷம் ஓட்டினாள். போன வாரமே பாடி முடித்த குரலை யாரும் நிதானமாகப் போ என்று சொல்ல முடியாது. ஆகவே மற்றவர்கள்தான் அவள் பின்னால் போனார்கள். தாளம் பிசகாத குழு என்று ஊரில் பெயர் வந்தது. அந்தப் பெயரை மாஸ்டர் பெருந்தன்மையோடு தானே வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் வருஷம் ஊரின் பெரிய அரங்கில் பாட ஆசைப்பட்டு, முதலில் ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. ஸ்டூடியோவில் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இடம் கிடைத்தது. பல்செட்காரி ஒரு வாரம் முன்னால், முந்தின செவ்வாய் அதே நாலு மணிக்குத் தனியாகப் போய்ப் பாடிவிட்டு வந்தாள். ஒலி அளக்கும் மீட்டரில் முள் அசையவில்லையே என்று ஸ்டூடியோக்காரர் மூன்று மைக் மாற்றினார். ஏற்பாடெல்லாம் கச்சிதம். ஆனால் குழு போன அன்றைக்கு, முன்னால் போயிருந்த தரை துடைக்கும் பொடி விளம்பரக்காரனுக்கு ஒரே ஒரு வாக்கியம் நாக்கில் புரளவில்லை. கால் மணி நேரம் இழுத்தடித்தான். சரியாக நாலு மணிக்கு உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்த கதவை மாஸ்டர் தட்டினார், உதைத்தார், திறப்பாரில்லை. இவர்கள் உள்ளே போனபோது அவள் பாடி முடித்திருந்தாள். குழுவின் பதிவில் பதின்மூன்று குரல் விழுந்தது. பதினான்காவது குரல் பொடி விளம்பரத்தில் விழுந்து, மூன்று மாதம் எல்லா ரேடியோவிலும் தரை துடைத்தது. பல்செட்காரி அந்தப் பொடியை வீட்டுப் படி ஏறவிடவில்லை.

அரங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் பதின்மூன்று பேர் என்று இருந்தது. மாஸ்டரும் அவளும் மேனேஜரைப் பார்க்கப் போனார்கள். அவர் தலை நிமிராமல் சொன்னார்.

"பதிவைப் போட்டு எண்ணிப் பார்த்துட்டேன். பதின்மூணு குரல்தான் இருக்கு. சும்மா வாயசைக்கிறவங்களுக்கு எல்லாம் மேடையில இடம் கிடையாது."

படியிறங்கும்போது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் இழுத்தார். பல்செட்காரி பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"நாலு வருஷமா நீங்க எல்லாரும் என் பின்னாடிதான் பாடுறீங்க, மாஸ்டர். இப்ப நான் இல்லாம மேடை ஏறிடுவீங்களா?"

மாஸ்டரின் வலது கால் படியை அழுத்தியது. அவளுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. மேடையில் நிற்கவிடாவிட்டாலும் தன் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு அங்கே நடக்கக் கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். நிகழ்ச்சி சனிக்கிழமை ஆறு நாற்பதுக்கு. அப்படியானால் அதற்கு முந்தின சனிக்கிழமை ஆறு நாற்பதுக்கு அவள் அந்த மேடையில் நின்று பாடியாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அரங்கில் மூக்குக்கண்ணாடி விற்பனையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பல்செட்காரி நேராக மேடையேறி, இரண்டாம் வரிசையில் இடது பக்கம் தனக்கு என்று நினைத்திருந்த இடத்தில் நின்று, ஆறு நாற்பதுக்கு வாயைத் திறந்தாள். சத்தமில்லை. முன்னூறு கண்ணாடிகள் அவள் பக்கம் திரும்பின. "மானத்தை வாங்கிட்டா, மானத்தை வாங்கிட்டா" என்று வீட்டிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்திருந்த நாத்தனார், முதல் வரிசையில் ஒரு ஆளை நகரச் சொல்லி உட்கார்ந்து, கைப்பையின் மேல் தாளம் போட்டாள். இரண்டாம் சரணத்தில் காவலாளிகள் இரண்டு பேர் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மேடைப் படியில் இழுத்தார்கள், நடுப்பாதை வழியாக நடத்தினார்கள், அவள் பாடிக்கொண்டே நடந்தாள். நாத்தனார் பக்கத்திலேயே பையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். "ஏம்மா, இவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒரு காவலாளி கேட்டதற்கு, "கொஞ்சம் சும்மா வாய்யா, சரணம் முடியல" என்றாள். வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நின்று அவள் கடைசிச் சரணத்தைப் பாடி முடித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பாவம் ஊமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவளை வாசல் காவலாளி அடையாளம் கண்டு தடுத்துவிட்டான். கடைசிச் சரணமாவது காதில் விழட்டும் என்று அவள் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். உள்ளே பதின்மூன்று பேரும் மேடையில் நிற்க, மேனேஜர் ஆறு முப்பத்தைந்துக்கு வரவேற்புரையைத் தொடங்கினார். அரங்கத்தின் கூரை எப்போது போட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனார் மாஸ்டரைப் பார்த்தாள். அந்த ஒரு வாரமாக அவள் மாஸ்டரிடம் பேசியிருக்கவில்லை. அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. ஆறு முப்பத்தொன்பதுக்கு மேனேஜர் நாற்காலிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு நாற்பதுக்கு மாஸ்டர் காலை ஓங்கி மிதித்தார். மேடை அதிர்ந்தது. பதின்மூன்று பேரும் மேனேஜரின் பேச்சுக்கு மேல் பாட்டை எடுத்தார்கள். இரண்டாம் வரிசையில் காலியாக விட்டிருந்த இடத்திலிருந்து பதினான்காவது குரலும் கூடவே எழுந்தது. தரைப் பொடிப் பாட்டு என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். மேனேஜர் எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் சரணத்தில் குரல் நகர ஆரம்பித்தது. மேடைப் படியில் ஒரு இடத்தில் தடுக்கிச் சமாளித்து, நடுப்பாதையில் இறங்கிப் போனது. பதின்மூன்று பேரும் ஒரு கணம் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். எட்ட எட்டப் போகும் குரலை விட்டுவிட்டுப் பாட அவர்களுக்குத் தெரியாது, பழக்கம் அப்படி. மாஸ்டர்தான் முதலில் இறங்கினார். குரல் முன்னால், அவர்கள் பின்னால், கூட்டம் அவர்களுக்குப் பின்னால் என்று வாசலைத் தாண்டி வெளியே வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற பல்செட்காரி தன் குரல் தெருவைக் கடந்து தன்னை நோக்கி வருவதைக் கேட்டாள். நெருங்கி வந்து, போன சனிக்கிழமை அவள் நின்ற அதே இடத்தில், இப்போதும் அவள் நின்றுகொண்டிருந்த இடத்தில் வந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். அவள் உதடு அசைந்தபடியே சத்தமும் வந்தது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. கண்ணீர் வழிய, ஒரு சொல்லையும் விடாமல், சுற்றி நின்ற பதின்மூன்று பேரோடும் சேர்ந்து கடைசிச் சரணத்தைப் பாடினாள். யாரும் பஸ் ஏறவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

அன்றைக்கு அவள் பாடியது அடுத்த சனிக்கிழமை அங்கே கேட்கும் என்பதால் குழு அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அவள் மறுபடி பாடினாள், அதற்கு அடுத்த வாரமும் வர வேண்டியதாயிற்று. ஆறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. ஆறே முக்கால் பஸ் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கும் என்று கால அட்டவணையிலேயே போட்டுவிட்டார்கள். பதினான்கு பேருக்கும் மேடையில் இடம் உண்டு என்று அரங்கத்திலிருந்து இரண்டு தடவை கடிதம் வந்தது. பஸ் நிறுத்தம், சனிக்கிழமை, ஆறே முக்கால், விருப்பமிருந்தால் வரவும் என்று இரண்டு தடவையும் மாஸ்டர் ஒரே பதிலை எழுதினார்.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் வந்தார். அன்றைக்குப் பட்டறையில் அவசர வேலை, பல்செட்காரியால் வர முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கவே, மேனேஜர் அங்கே போய் நின்றுகொண்டார். நாத்தனார் அவர் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

"அங்க நிக்காதீங்க சார். அவ இன்னைக்கு வரல, குரல் வந்துடும்."