ஒரு ஸ்டாப் முன்னாடி

“மில் வாசல் எறங்கு!”

கண்டக்டர் சேதுபதி விசிலை எடுப்பதற்குள் கருப்பையா படியிலிருந்து குதித்துவிட்டான்.

“அண்ணே, ஒங்க அண்ணன் வீடு அடுத்த ஸ்டாப்புல்ல? ஆளு முடியாமக் கெடக்குறாருங்குறாக. ஏறுங்க, வெரசாப் போயிரலாம்.”

“நடந்துக்கிறேன். நீ வண்டிய எடு.”

பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. அடுத்த ஸ்டாப்பின் பெயர் சோணை கடை. சோணை அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பெயரைச் சொல்லிக் கருப்பையா இதுவரை ஒரு டிக்கெட் வாங்கியதில்லை. இன்றும் நாக்கு வளையவில்லை.

மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். அப்பா செத்ததும் சோணை நிலத்தைப் பிரித்தான். ஒரு பக்கம் கண்மாய்ப் பாய்ச்சலில் நஞ்சை. மறுபக்கம் ஓணான்கூட ஒதுங்காத செம்மண் பொட்டல். கருப்பையா யோசிக்கவே இல்லை. நஞ்சை! சோணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சர்வேக்காரர்கள் சங்கிலியோடு வந்தார்கள். ரயிலடியையும் பஸ் ஸ்டாண்டையும் சேர்க்க ஒரு குறுக்குச் சாலை. அது பொட்டலை உரசிக்கொண்டு போனது. சரளை கொட்டியவர்களுக்குச் சோணை கீற்றுக் கொட்டகையில் டீ ஆற்றினான். ரோடு ரோலர் வந்தது. தார் வந்தது. மில் வந்தது, லாரிகள் வந்தன. டீக்காக நின்ற பஸ் பிறகு அங்கேயே நிற்கப் பழகியது. பக்கத்தில் சைக்கிள் கடை, பட்டறை, ஓட்டல். எல்லாரும் சோணைக்கு வாடகைக்காரர்கள். நஞ்சையில் மட்டும் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது.

நான் வேண்டாமென்று தள்ளிய மண். கருப்பையா அதைத் தினமும் சோற்றோடு சேர்த்து மென்றான்.

கடையை நெருங்கும்போதே ஒப்பாரி கேட்டது.

கடையின் பின்கட்டில், ரோடு தெரியும் ஜன்னலோரம் கட்டிலில் சோணை. காலடியில் மதினி பொன்னுத்தாயி.

“இப்பத்தான் தம்பி... இப்பத்தான். விடிஞ்சதுலேருந்து வண்டி நிக்கும்போதெல்லாம் ‘தம்பி எறங்குறானா பாரு’ன்னு கேட்டாக. இந்தா இப்பப் போன வண்டியும் நின்னுச்சு. எட்டிப் பாத்தேன். ஒருத்தரும் எறங்கல. ‘இல்லைங்க’ன்னேன். மொகத்த அங்குட்டுத் திருப்பிக்கிட்டாக. அம்புட்டுத்தான்.”

கருப்பையாவின் காதில் விசில் கேட்டது.

“நீங்க எந்த வண்டியில வந்தீக?”

“நடந்து வந்தேன், மதினி.”

மத்தியானம் சேதுபதி மாலையோடு வந்தான். பொன்னுத்தாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையில ஒன் வண்டியத்தானப்பா கடைசியாப் பாத்தாக. அதுலயாவது தம்பி வந்திருக்கக் கூடாதா?”

சேதுபதி தலையைத் தூக்கிக் கருப்பையாவைப் பார்த்தான்.

“கூட்டம்க்கா,” என்றான் சேதுபதி. “நான் யாரையும் கவனிக்கல.”

சோணைக்குப் பிள்ளை இல்லை. கொள்ளிச்சட்டி கருப்பையா கையில். பாடை சாலையில் ஏறியதும் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள்.

“மகராசன், ரோட்டையே நிறுத்திட்டாருப்பா,” என்றார் பின்னால் ஒருவர்.

“நஞ்சைய எடுத்திருந்தா இந்தக் கூட்டம் வருமா?”

“எவன் எடுக்க விட்டான்?”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கருப்பையா திரும்பவில்லை. எனக்கு யார் நிற்பார்கள்? வரப்பில் ரெண்டு நண்டு. அண்ணன் பாடைக்கு முன்னால் நடக்கும்போதுகூட வயிறு எரிந்தது. எரிந்தபடியே கொள்ளி வைத்தான்.

மறுநாள் காடாத்து. எலும்பு பொறுக்கப் போகுமுன் அண்ணன் வீட்டில் சேர்க்க வேண்டிய பால்சொம்போடு பஸ் ஏறினான். சேதுபதி வழக்கம்போல மில் வாசலுக்கு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான்.

கருப்பையா வாங்கவில்லை. உதடு அசைந்தது.

“என்னண்ணே?”

“சோணை கடை,” என்றான் கருப்பையா. “சோணை கடைக்கு ஒண்ணு குடு.”

சேதுபதி அவனைப் பார்க்காமல் வேறு டிக்கெட் கிழித்தான்.

மில் வாசல் வந்தது, போனது. அடுத்த ஸ்டாப்பில் விசில். கருப்பையா மட்டும் இறங்கினான்.

பூட்டிய கடைக்குப் பின்னால், பஸ் நின்ற சத்தம் கேட்டுப் பொன்னுத்தாயி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், யார் இறங்குகிறார்கள் என்று.