கேக் வேகும்வரை எழுந்திருக்கக் கூடாது

1.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்தில், எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் கேக் நாற்காலியில் அமரும் உரிமை என்னிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. வரலாற்று ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கைதட்டலாம், ஆனால் மெதுவாக. என் முதுகுக்குப் பின்னால் கேக் வெந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கதை பிறந்த விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்ளொளி, ஆழ்ந்த அனுபவம் எதுவும் கிடையாது. இரண்டு மணி நேரம் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மடியில் நோட்டு இருக்கிறது. பேனாவும் இருக்கிறது, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

[முதலில் எழுதி அடித்த வரி: "வெண்ணெய் உருகும் மணத்தில் ஒரு குடும்பத்தின் ஆன்மா மெல்ல..." வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் என் வாரப் பத்தியில் தோலை உரித்திருப்பேன். இருபது வருடமாக என் தொழிலே அதுதான். ஊதிப் பெருத்த மனிதர் எங்கே தென்பட்டாலும் ஊசியோடு போய் நிற்பேன்.]

2.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார். வீட்டிலிருந்த பழைய ஓவன் தரையில் நிற்கிற ரகம். ஒரு டிசம்பரில் கேக் உள்ளே போன பத்தாவது நிமிடம் கதவின் கொக்கி உடைந்து, கதவு வாயைப் பிளந்தது. ஊர் வண்டிகளையெல்லாம் சரிசெய்தவர் அந்தக் கொக்கியைச் சரிசெய்யவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, அதன் முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து, கேக் வேகும்வரை அதில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடக் கேக் அமர்க்களம். அடுத்த வருடம் கொக்கியை மாற்றலாமா என்று யாரோ கேட்டதற்கு அப்பா சொன்னார்: "எதுக்கு? நல்லாத்தானே வந்துச்சு?"

எங்கள் வீட்டில் மரபுகள் உற்பத்தியாகும் முறை இதுதான். அப்பாவுக்குப் பிறகு அக்கா பத்தொன்பது டிசம்பர் உட்கார்ந்தாள். நடுவில் ஒரே ஒரு வருடம் அவளுக்குக் காய்ச்சல். நான் உட்கார்ந்தேன். ஐம்பதாவது நிமிடம் ஓர் அற்புதமான வாக்கியம் உதித்தது. பேனா தேடி எழுந்தேன். நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்தது, கேக் நடுவில் அமுங்கி சோப்பு டப்பாவாயிற்று.*

அன்றிலிருந்து பதினொரு வருடம் எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரே இலாகா பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுப்பது.

(*அந்த வாக்கியத்தைப் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிட்டார். "கதைக்குத் தேவையில்லை" என்றார்.)

3.

இந்த வருடம் இரண்டு விஷயங்கள் நடந்தன. அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. காலை நீட்டித்தான் உட்கார முடியும். பழைய ஓவன் உயிரை விட்டது; புது கரண்டு ஓவன் வந்தது. சின்னது, மேஜைமேல் வைப்பது. கதவு டப்பென்று மூடிக்கொள்கிறது. பிடித்து இழுத்தால்தான் திறக்கும்.

"இனிமே நாற்காலி எதுக்கு அண்ணி? கதவுதான் நல்லா மூடுதே," என்று என் மனைவி ஹாலில் வைத்துக் கேட்டாள். அவள் பல் டாக்டர். எதையும் வேரோடு பிடுங்கிப் பார்க்கும் சுபாவம்.

அக்கா அவளைப் பார்த்த பார்வையில் வீடே கொஞ்சம் குளிர்ந்தது. "கதவுக்காகவா இத்தனை வருஷம் உட்கார்ந்தோம்?"

வேறு எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஊசிக்காரன் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காரணம் சொல்கிறேன்: எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

போட்டிக்கு அத்தான் இருந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர், சட்டினி அரைத்தாலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர். "மச்சான் பிஸியான ஆளு. கற்பனை வேற அடிக்கடி வரும். நான் வேணா உட்கார்றேன்," என்றார் பவ்யமாக.

அக்கா முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "டேய் தம்பி. இந்தத் தடவை நீ உட்காரு. ஆனா எழுந்தே, அப்புறம் ஆயுசுக்கும் கொட்டைதான். நாற்காலி அத்தானுக்கு."

பதினொரு வருடம். எத்தனை கூட்டங்களில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். இன்று சமையலறையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

பிறகு ஏற்பாடுகள். நாற்காலியின் உயரத்துக்குப் பொருந்த வேண்டுமென்று ஓவனை மேஜையிலிருந்து இறக்கி ஒரு குட்டை ஸ்டூலின்மேல் வைத்தோம். முன்கூட்டியே சூடேற்றினோம். டின் உள்ளே போனது. அக்கா ஹாலிலிருந்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, சாவி கொடுத்த கடிகாரம்போல் ஓடும் நேரக் குமிழைத் தன் கையாலேயே இரண்டு மணி நேரத்துக்கு முறுக்கினாள். டிக், டிக், டிக். அத்தான் நாற்காலியைப் போட்டு ரசமட்டம் வைத்தார். பின்கால் ஒன்று வயரின்மேல் ஏறி நாற்காலி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. "ச்சே, சரிவு," என்று வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, மறுபடி மட்டம் பார்த்து, "இப்பப் பிரமாதம். உட்காருங்க மச்சான்," என்றார்.

உட்கார்ந்தேன். மனைவி போட்டோ எடுத்தாள்.

4.

[அத்தான் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கேக் வைக்க ரசமட்டம் கொண்டுவரும் மனிதரை யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் மிகை என்று அடித்திருப்பேன். ஆனால் அவர் கதவருகே நின்று என் முதுகு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். என்ன செய்ய?]

இந்த இடத்தில் நையாண்டியைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன், வாசகரே. இந்தக் கேக் அப்படிப்பட்டது. நாற்பது நாள் ரம்மில் ஊறிய பழங்கள். சர்க்கரையை அக்கா கருக்குவாள். கறுப்பதற்கும் கசப்பதற்கும் இடையில் ஒரு நொடி உண்டு, அந்த நொடியில் வெந்நீர் ஊற்றுவாள், அரை நொடி முன்னால் இல்லை. டின்னுக்கு உள்ளே பட்டர் பேப்பர் இரண்டு சுற்று. மாவைக் கிண்டும்போது கரண்டி நடுவில் நிற்க வேண்டும். விழுந்தால் இன்னும் மாவு. ஆனவுடன் பதினாறு வீடுகளுக்குத் துண்டு போகும். போன வருடம் கீழ்வீட்டுத் தபால்காரர் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தட்டைக் கழுவித் திருப்பித் தந்தார். எந்த மேடையிலும் எனக்கு அப்படியொரு விமர்சனம் கிடைத்ததில்லை.

இதில் என் பங்கு கொட்டை எடுத்தது மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ள இன்றிலிருந்து அவசியமில்லை.

5.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்தக் கதைக்கு வேண்டிய நல்ல வாக்கியம் இரண்டு தடவை உதித்தது. எழவில்லை. கழுத்திலேயே பேனா.

புது ஓவனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. பழையதில் உட்கார்ந்தால் முதுகுச் சட்டை இஸ்திரி போட்டதுபோல் சுடும். இது ஆரம்பத்தில் லேசாகச் சுட்டது, பிறகு அடங்கிவிட்டது. இரட்டைக் கண்ணாடிக் கதவு. சூட்டை வெளியே விடாது. வெண்ணெய் மணமும் முதலில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. நாகரிகமான ஓவன். டிக், டிக் என்று தன் வேலையை மட்டும் பார்க்கிறது.

"தம்பீ! மணம் வருதாடா?" அக்கா, ஹாலிலிருந்து.

[இங்கே கதாநாயகன் உண்மை பேசுவதாக ஒரு வடிவம் எழுதினேன். "இல்லக்கா, ஏதோ சரியில்ல. கொஞ்சம் எழுந்து பார்க்—" அடித்துவிட்டேன். எழுந்தால் நாற்காலி அத்தானுக்கு.]

"கமகமன்னு வருதுக்கா!"

"இங்க ஒண்ணும் வரலையே?"

"புது ஓவன்க்கா. எல்லாத்தையும் உள்ளயே அடக்கி வெச்சிருக்கு."

மனைவி எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, நிஜமாவே வருதா?"

"இங்க உட்கார்ந்தாத்தான் தெரியும்," என்றேன். ஓர் அமைச்சர் இதைச் சொல்லியிருந்தால் நான்கு பத்தி எழுதியிருப்பேன்.

6.

மணி அடிக்க இன்னும் மூன்று நிமிடம். முடிவை இப்போதே எழுதியாக வேண்டும். அடித்த பிறகு எனக்கு நேரம் இருக்காது, பாராட்டு இருக்கும். ஆனால் கேக் என் முதுகுக்குப் பின்னால். நான் பார்க்க முடியாத ஒன்றுக்கு முடிவு எழுதுவது எப்படி? ஆகவே மூன்று முடிவுகள் தருகிறேன், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: கேக் மேடு தட்டாமல், பள்ளம் விழாமல், அத்தானின் ரசமட்டமே வெட்கப்படும்படி நிற்கிறது. அக்கா என் தோளைத் தட்டுகிறாள். 

இரண்டாம் முடிவு: ஓரம் கொஞ்சம் கருகியிருக்கிறது. "பரவாயில்லடா, எழுந்திருக்கலையே," என்கிறாள். இதுவும் எனக்குச் சம்மதம்.

மூன்றாம் முடிவு: அப்பா உட்கார்ந்த அதே நாற்காலியில், அதே நிமிர்ந்த முதுகோடு, ஒரு மகன்...

டிங்.

எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கா வாக்கரோடு, தட்டோடு அத்தான். "ரெண்டு மணி நேரம்! அசையலையே என் தம்பி," என்கிறாள் அக்கா. நான் இன்னும் எழவில்லை; அவள் சொன்ன பிறகுதான் எழுவது மரபு. இந்த நிமிடத்தை நோட்டில் பிடித்துவிட வேண்டும். இருபது வருடம் பிறர் மார்பில் ஊசி குத்தியவனின் மார்பு இப்போது எவ்வளவு விரிந்திருக்கிறது என்றால், நூலில் தொங்கும் பேனா அதன்மேல் படுத்துக்கொண்டு எழுத வரமாட்டேன் என்கிறது. முடிவு உங்கள் கையில், வாசகரே. எதுவானாலும் நான் எழுந்திருக்கவில்லை.

மனைவி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓவனின் ப்ளக் தரையில் கிடக்கிறது.