தரையில் நின்று ஒழுகிய படகு

பல் டாக்டர் வாங்கி வந்த பழைய மோட்டார் படகு தரையில் நின்றபடியே ஒழுகியது. உள்ளேயிருந்து வெளியே ஒழுகியிருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இது வெளியிலிருந்து உள்ளே ஒழுகியது. வீட்டுப் பின்முற்றத்தில், நான்கு மரக்கட்டைகளின் மேல், சுற்றிலும் பொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்த படகுக்குள் தினம் காலையில் கணுக்கால் அளவு கடல்நீர் கிடந்தது. அமாவாசை, பௌர்ணமி என்றால் முழங்கால் வரை. சில நாட்களில் அதில் விரல் நீள மீன்களும் இருந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரியின் பூனை நேரம் தவறாமல் வந்து தின்றுவிட்டுப் போனது. கடலோ இரண்டு தெரு தள்ளி இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பழைய படகு என்றால் ஒழுகத்தான் செய்யும். முப்பத்தோரு வருஷமாக அடுத்தவர் வாயைத் திறந்து பார்த்தே பிழைத்த மனிதர், என்ஜின் மூடியைத் திறந்து பார்க்காமல் அதை வாங்கினார் பாருங்கள், அதுதான் ஆச்சரியம்.

அவர் படகு வாங்கியது மனைவிக்காக. அந்த அம்மா பூகோள டீச்சர். அந்த வருஷத் தொடக்கத்தில் அவர் இதயம் பெரிதாகிக்கொண்டே போவதாகப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆறு மாதம், கையைக் காலைப் பிடித்தால் எட்டு மாதம் என்றார்கள். டீச்சர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு பாவத்தைப் பற்றிச் சொன்னார். "வருஷா வருஷம் பசங்ககிட்ட ஒரே பொய்யைச் சொல்லிட்டு வந்திருக்கேங்க. நடுக்கடல்ல நின்னு சுத்திப் பார்த்தா கடலோட விளிம்பு முழு வட்டமா தெரியும், நானே பார்த்திருக்கேன்னு. நான் எங்க பார்த்தேன்? அலை வந்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுவேன். ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. பார்த்துட்டா அத்தனை வருஷப் பொய்யும் உண்மையாயிடும்." கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க கூட வரணும். தனியா எனக்குப் பயம்" என்றும் சொன்னார். வாடகைப் படகில் ஒரு நடை போய் வந்திருக்கலாமே என்று இன்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், டாக்டர் தன் மனைவியை அடுத்தவன் படகில் ஏற்றிவிடுகிற ரகம் இல்லை.

படகை விற்றவருக்கு வயது எழுபத்து நாலு. வாயில் முப்பத்திரண்டும் சொந்தப் பல். ஒரு சொத்தை இல்லை, ஈறு ஒரு நூல் இறங்கவில்லை. டாக்டர் தன் தொழிலில் அப்படி ஒரு வாயைப் பார்த்ததே இல்லை. அந்த மனிதர் சிரித்துச் சிரித்துப் பேச, டாக்டர் அவர் கடைவாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். நன்னீர் ஏரியில் மட்டும் ஓடிய படகு என்றார், டாக்டர் தலையாட்டினார். என்ஜினுக்கு இப்போதுதான் புதுப் பெயின்ட் அடித்தேன் என்றார், அதற்கும் ஆட்டினார். பற்களை இப்படிப் பராமரித்தவன் என்ஜினை விட்டுவிடுவானா என்பது அவர் கணக்கு. ஒப்புக்கு, சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அதன் பிடியால் படகை முன்னாலிருந்து பின்னால் வரை முப்பத்திரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "தங்கமான மனுஷன்மா, என்ன பல்லு தெரியுமா!" என்றார். டீச்சர், "படகு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொன்னவர் மோட்டார் மெக்கானிக். வலது கையில் அரை விரலை ஒரு மின்விசிறிக்குக் கொடுத்துவிட்டதால் ஊரில் அவருக்கு ஒன்பதரை என்று பெயர். ஒன்பதரை வந்து என்ஜின் மூடியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் மூடிவிட்டு மறுபடி தூக்கினார். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் இரும்பெல்லாம் துரு ஏறி அப்பளமாக உதிர்ந்தது. அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப்போய், தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையோடு வந்தது. என்ஜினைக் குளிரவைக்கத் தண்ணீர் போய்வரும் குழாய்களில் உப்பு கல்லாக அடைத்திருந்தது. எண்ணெய் வடிய வேண்டிய இடத்தில் தண்ணீரும், தண்ணீர் வர வேண்டிய இடத்தில் எண்ணெயும் வந்தன.

"டாக்டர், இது நன்னீர்ல ஓடிச்சுன்னு எவன் சொன்னான்?"

"வித்தவர்."

"எங்க ஓட்டினாராம், ஊறுகாய் ஜாடியிலயா?"

டீச்சர் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கும் என்பதால் அந்த வருஷம் அவர் அளந்துதான் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று அளவில்லாமல் சிரித்துவிட்டு அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பதரைக்கு அது உறைத்திருக்க வேண்டும். அன்றே சொல்லிவிட்டார்: ஒட்டுப் போட்டுத் தருகிறேன், இரண்டு மணி நேரம் ஓடும், போக முக்கால், வர முக்கால், மிச்சம் அரை மணி வேடிக்கை பார்க்க, ஒருத்தர் ஓட்டுங்கள், ஒருத்தர் பக்கெட்டில் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள், நாளைக் காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம். "நான் மொண்டு ஊத்தறேன்" என்றார் டீச்சர். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வைத்தியத்தில் நோயாளியை எழுப்பி அனுப்புகிற பழக்கம் தனக்கு இல்லை என்றும், வேரோடு பார்க்க வேண்டிய கேஸ் இது என்றும் சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு சிட்டிங், அவ்வளவுதான்" என்றார்.

அந்த இரண்டு சிட்டிங் ஐந்து மாதம் நடந்தது. டாக்டர் க்ளினிக்கைப் பாதி நாள் பூட்டினார், பிறகு முழு நாளும் பூட்டினார். பல் குடையும் கருவியால் துருவைக் குடைந்து எடுத்து, ஓட்டைகளைப் பல் சிமெண்டால் அடைத்து, நான்கு இடத்தில் வெள்ளி நிரப்பினார். கன்னம் வீங்கிய நோயாளிகள் முற்றத்துச் சுவரோரம் வரிசையில் நின்று, இப்போது எதைப் பிடுங்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஒழுக்கை அடைத்தால் மறுநாள் ஒரு சாண் தள்ளி இன்னொன்று திறந்தது. அடைத்ததால் தண்ணீரின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டீச்சர் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ஜினுக்குள் தலையை விட்டிருந்த புருஷனின் முதுகோடு பேசிக்கொண்டிருந்தார். முதல் மாதம் வானிலை, இரண்டாம் மாதம் அக்கம்பக்கம். மூன்றாம் மாதம், கல்யாணமான புதிதில் அவரிடம் சொல்லாமல் விட்ட சில விஷயங்களைச் சொன்னார். முதுகு "ம்" என்றது. தையல்காரி ஒருநாள் சுவர் மேல் எட்டி, "என்ன டீச்சர், டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டதற்கு, "முகத்தோட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. இப்ப முதுகோட ஒத்துப்போகுதான்னு பார்க்கறேன்" என்றார். ஐந்தாம் மாதம் அதிகம் பேசவில்லை. "ஏங்க, ஒழுகினா ஒழுகட்டும், போலாங்க" என்பதை மட்டும் நாளுக்கு ஒரு தடவை, காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். டாக்டர் தலையை வெளியே எடுக்காமலே, நல்ல படகில்தான் உன்னைக் கூட்டிப் போவேன் என்றார்.

ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் இழுக்கும் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்று வாங்க டாக்டர் முதல் பஸ்ஸில் பக்கத்து நகரத்துக்குப் போனார். அதைப் போட்டால் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பத்து மணி வாக்கில் டீச்சர் தையல்காரியைக் கூப்பிட்டு, தன்னைப் படகில் ஏற்றிவிடச் சொன்னார்.

"டாக்டர் திட்டுவாரு டீச்சர்."

"அவர் வர்றதுக்குள்ள இறங்கிடறேன். காலை நனைச்சுக்கறேன், அவ்வளவுதான்."

தையல்காரி ஸ்டூல் போட்டு ஏற்றிவிட்டாள். டீச்சர் கணுக்கால் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஒரு தம்ளரைத் தூக்கவே இரண்டு கை தேவைப்பட்ட அந்த அம்மா, என்ஜின் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். என்ஜின் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்பதரை பட்டறையிலிருந்து ஓடிவந்து சுவரேறிக் குதித்தார். இரண்டு பேரும் கண்ணால் பார்த்தது இது: படகு கட்டையின் மேல் அப்படியே இருந்தது, ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அதில் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் தூரம் போனார். தண்ணீரில் போகிறவர்கள் கரையில் நிற்பவர் கண்ணுக்கு எப்படிச் சிறுத்துக்கொண்டே போவார்களோ, அப்படி. அளவெடுத்துப் பழகிய தையல்காரி அதைச் சரியாகச் சொன்னாள்: முதலில் பள்ளிக்கூடப் பிள்ளை அளவு, பிறகு ஒரு கைத்துணி அளவு, பிறகு நூல்கண்டு, பிறகு பொத்தான். பொத்தானாக இருக்கும்போது டீச்சர் எழுந்து நின்று ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார். இவர்கள் பக்கம் கையைத் தூக்கினார். ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அதன் பிறகு ஊசிக் காது அளவு, அதன் பிறகு இல்லை. என்ஜின் சத்தமும் அவரோடு போய்விட்டது. முற்றத்தில் இருந்த என்ஜின் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

டாக்டர் மாலை நாலு மணிக்கு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். தையல்காரி சுவருக்கு அந்தப் பக்கம் குனிந்துகொண்டாள். ஒன்பதரைதான், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "டாக்டர், என்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றார்.

டாக்டர் முகம் அப்படி மலர்ந்ததை அந்த வருஷத்தில் யாரும் பார்க்கவில்லை. "ஆயிடுச்சா? அவகிட்ட சொல்லியாச்சா? எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, டாக்டர். இங்க காதை வெச்சுப் பாருங்க."

படகின் அடிப்பலகையில் காதை வைத்தால், வெகு தூரத்தில் ஒரு மோட்டார் போய்க்கொண்டிருப்பது கேட்டது. டாக்டர் ஏறி உட்கார்ந்தார். மூன்று நாள் இறங்கவில்லை. தையல்காரி சுவருக்கு மேலிருந்து தினமும் பார்த்தாள். அவர் ஒரு நூல்கூடச் சிறுக்கவில்லை. புதுச் சக்கரத்தை மாட்டிக் கயிற்றை இழுத்தார். நூறு தடவை இழுத்தும் என்ஜின் இருமக்கூட இல்லை. இறப்புப் பதிவு அலுவலகத்தில், உடல் எங்கே என்று கேட்டார்கள், இல்லை என்றார். கடைசியாக எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்றார்கள், பின்முற்றத்தில் என்றார். குமாஸ்தா யோசித்து, வெளியூர் என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் எந்த ஒழுக்கையும் அடைக்கவில்லை. காலையில் தண்ணீரை இறைத்துக் கொட்டுவார், காதை வைத்துக் கேட்பார், க்ளினிக்கைத் திறப்பார். சத்தம் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டு வந்தது. ரெண்டு மணி நேரப் பெட்ரோலில் எட்டு வருஷமா என்று யாரோ கேட்டதற்கு, டீச்சர் சிக்கனக்காரி என்றார் ஒன்பதரை. பதினோராம் வருஷம் ஒரு காலையில் டாக்டர் காதை வைத்தார்; எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. தையல்காரி ஆறுதலாக, "வயசாகுதில்ல டாக்டர், காது மந்தமாயிருக்கும்" என்றாள். அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நோயாளிகளைச் சத்தமாகப் பேசச் சொன்னார். நன்றாகக் காதில் விழுந்ததையே "என்ன, என்ன?" என்று கேட்டார். கொஞ்ச நாளில், தெருவில் எல்லோரிடமும் தனக்குக் காது போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் அதை எழுதி வாங்கிவிடலாம் என்று காது டாக்டரிடம் போனார்.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். பல் டாக்டர் கையை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட விரலைத் தூக்காமல் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். காது டாக்டர் கருவியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்க புருவம் ஆடுது."

"கொஞ்சமாவது குறைஞ்சிருக்குமே."

"இல்ல சார். இருபது வயசுப் பையன் காது."

"இன்னொரு தடவை பாருங்க."

காது டாக்டர் இன்னொரு தடவையும் பார்த்தார். பல் டாக்டர் வீட்டுக்கு நடந்தே வந்தார். மறுநாள் காலை படகில் வழக்கமான அளவு தண்ணீர் இருந்தது. இறைத்துக் கொட்டினார். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காதை வைக்காமல் உள்ளே போனார்.