வால்வம்மா வாங்கிய விருதுகள்

வால்வம்மா வாங்கிய விருதுகள் பதினொன்றும், வீட்டுக்கு வந்த நான்காம் நாள் அழுகத் தொடங்கின. வெண்கலமோ, கண்ணாடியோ, சட்டம் போட்ட பட்டயமோ, எதுவானாலும் நான்காம் நாள் காலை ஓரங்களில் மஞ்சள் நீர் கசியும். மதியத்துக்குள் செத்த எலியின் நாற்றம் கூடத்தை நிறைத்துவிடும். முதல் பதக்கத்தின்போது அவருடைய கணவர் எலியைத் தேடி பீரோவை நகர்த்தினார்; இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாவது விருதுக்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டு, அலமாரிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, வடிவதைத் தினமும் கழுவி ஊற்றினார். விருந்தாளிகள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வாயால் மூச்சுவிட்டபடி, எவ்வளவு பெருமை என்றார்கள். தெருமுனை வரை நாறியது. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விருதைப் போய் அப்படிச் சொல்லலாமா?

மூன்று மெல்லிய இதழ்கள் கொண்ட செயற்கை இதய வால்வை அந்த நாட்டில் முதன்முதலில் செய்தவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர். நெஞ்சுக்குள் வைக்கும் முன், அது உப்புத் தண்ணீர் நிரம்பிய சோதனை இயந்திரத்தில் நாற்பது கோடித் தடவை திறந்து மூட வேண்டும். அது பத்து வருடத் துடிப்பு. பத்து மாதம் ஓட வேண்டிய சோதனை ஐந்தே மாதத்தில் முடிந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் அவரும் கேட்கவில்லை. முதல் பதக்கத்தையே அந்த வேகத்துக்குத்தான் கொடுத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வால்வு பொருத்தப்பட்டது. அதில் ஒருவர் அவருடைய தம்பி, மூன்று மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் தையல் கடை வைத்திருப்பவர். நான்காவது விருது வந்தபோது தம்பி போன் செய்தார்.

“அக்கா, உன் வீட்ல ஏதாவது செத்துக் கிடக்குதா? இங்க வரைக்கும் நாறுது.”

தம்பிக்கு எப்போதும் கேலிதான் என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

வால்வு பொருத்தத் தொடங்கி நாலு வருடம் கழித்து, இயந்திரத்துக்கு எண்ணெய் போட வந்த ஆபரேட்டர் பொழுது போகாமல் அதை மெதுவாக ஓடவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இதழ் ஒருமுறை திறந்து மூடினால் எண்காட்டி இரண்டு ஏறியது. திறப்பதை ஒன்று, மூடுவதை ஒன்று என்று அது முதல் நாளிலிருந்தே எண்ணியிருந்தது. நாற்பது கோடி என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டது இருபது கோடிதான். வால்வம்மா அன்றே தன் நிறுவனத்தின் இயக்குநரிடம் ஓடினார். நோயாளிகளின் பதிவேடு இயக்குநருடைய பீரோவில் பூட்டியிருந்தது. எல்லோரையும் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும், சாவியைக் கொடுங்கள் என்றார்.

“இப்ப இதைக் கிளறாதீங்க மேடம். அடுத்த வாரம் உங்களுக்கு விருது அறிவிக்கிறாங்க.”

அறிவித்தார்கள். அவர் கடிதம் எழுதினார். பதிலுக்கு ஒரு கேடயம் வந்தது. இப்படி ஆறு மாதத்தில் ஐந்து முறை கேட்டார், ஐந்து விருது வந்தது. ஒவ்வொரு மேடையிலும் அதே பல்லிளிப்பு, அதே வியர்த்த கைகுலுக்கல். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், மறுபடியும் கழுவுவார். அதற்கிடையில் ஆபரேட்டரும் அவரும் ஒரு வால்வை மறுபடி ஓட்டினார்கள். இருபத்து மூன்று கோடியில் இதழ் கிழிந்தது. நெஞ்சுக்குள் அது ஆறு வருடக் கணக்கு. தம்பிக்கு ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது விருது மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். என்ன பணிவு என்று கைதட்டினார்கள். நேர்மைக்காக அவருக்குப் பத்தாவதாக ஒரு விருது முடிவானது.

அன்று வீட்டுக்கு வந்ததும், எல்லாவற்றையும் கொல்லையில் புதைத்துவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தார். அப்போது வாசலில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். பஸ் கண்டக்டர். கழுத்துக்குக் கீழே அறுவைத் தழும்பு தெரிந்தது.

“ஒரு வருஷமா இந்த நாத்தம்ங்க. எங்க வீட்ல யாருக்குமே வரல, எனக்கு மட்டும்தான். மோந்துக்கிட்டே பஸ் மாறி மாறி வந்தேன்.”

வால்வம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தம்பியின் போன் நினைவுக்கு வந்தது. மண்வெட்டியைச் சாத்தி வைத்தார். மறுநாள் இயக்குநர் நேர்மை விருதோடு வந்தபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“இதைவிடப் பெருசா ஒண்ணு இருந்தா குடுங்க” என்றார்.

ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று இயக்குநருக்கு நிம்மதி. இருப்பதிலேயே பெரியதை வாங்கிக் கொடுத்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதன் நான்காம் நாளில் தெருநாய்கள் ஊரை விட்டே போய்விட்டன. ஐந்தாம் நாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ரயிலிலும் பஸ்ஸிலும், மூக்கைப் பொத்திக்கொண்டு. ஒருவரும் முகவரி கேட்கவில்லை. கணவர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஒவ்வொருவராகச் சோதித்து, வேறு வால்வு வைத்தார். தம்பிதான் முதல் ஆள். புது வால்வு வைத்ததும் அந்தத் தூரத்து நாற்றம் அவர்களுக்கு நின்றுபோனது.

வருடக் கடைசிக்குள் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் வந்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர் வரவில்லை. இயக்குநர் ஓய்வுபெற்ற பிறகு பதிவேடு வெளியே வந்தது. பதினெட்டுப் பெயர்களுக்கும் எதிரே, ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ‘வேறு காரணத்தால் மரணம்’ என்று எழுதியிருந்தது. வால்வம்மா அங்கேயே குப்பைக்கூடையில் வாந்தியெடுத்தார்.

பத்து விருதுகளை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அவை இன்றும் அங்கே வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வடிந்துகொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேகத்துக்காகக் கொடுத்த முதல் பதக்கத்தை மட்டும் அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டார். இதையாவது தூக்கிப் போட்டுவிடேன் என்று கணவர் ஒரே ஒருமுறை கேட்டார்.

“பதினெட்டுப் பேர் இன்னும் வரலையே” என்றார் அவர்.

கணவர் பதக்கத்துக்கு அடியில் ஒரு தட்டை வைத்தார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, அதன் பக்கத்திலேயே சாப்பிட உட்கார்ந்தார்.